ஏறாதவருக்கு ஒரு டிக்கெட்

நான் குடியிருக்கும் நாட்டில் ராட்டினத்தில் ஏறுகிறவருக்கும், ஏறாமல் கீழே நின்று வேடிக்கை பார்க்கிறவருக்கும் ஒரே டிக்கெட்தான். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறிய ஊருக்கு நர்ஸ் வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆகியும் எனக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அம்மா வந்த பிறகுதான் ஏற்பட்டது. இங்கே தீம் பார்க் என்றால் வாசலிலேயே முழு டிக்கெட் வாங்கிவிட வேண்டும். உள்ளே போய் எல்லாவற்றிலும் ஏறினாலும் சரி, ஓரமாக உட்கார்ந்து தூங்கினாலும் சரி, யாரும் கேட்கமாட்டார்கள். சாப்பிடாமல் கூடவே வந்தவனிடமும் சாப்பாட்டுக்குக் காசு வாங்குகிற ஓட்டல் திண்டுக்கல்லில் எங்காவது உண்டா என்று அம்மா கேட்டாள்.

அம்மா ஆரோக்கியமேரி சாணார்பட்டிப் பக்கத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா போன பிறகு திண்டுக்கல் நாகல் நகர் வீட்டில் தனியாக இருந்தாள். நான் ஒரே பிள்ளை. எத்தனையோ காலிங் கார்டுகளைப் போனில் பேசித் தீர்த்து, கெஞ்சி, கோபித்து, ஆறு மாத விசாவில் ஒரு கோடைக்கு அவளை வரவழைத்தேன். வந்த சில நாட்களிலேயே, திரும்பிப் போகிற தேதியைச் சமையலறைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டாள். அந்த வட்டத்தை எப்படியாவது இல்லாமல் ஆக்கிவிட வேண்டும் என்பது என் எண்ணம். அவள் எங்களோடு தங்கிவிட வேண்டும், இல்லையென்றால் வருடா வருடமாவது வந்துபோக வேண்டும். நேராகக் கேட்டால் நேராகவே மறுத்துவிடுவாள் என்று பயந்து கேட்காமல் இருந்தேன். அப்போதுதான் மகள் ஜெனிக்குப் பள்ளி விடுமுறை வந்தது. குடும்பமாகத் தீம் பார்க் போகலாம் என்று என் கணவர் அமல் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்தார்.

"எனக்கு எதுக்கு டிக்கெட்டு? நாந்தான் எதுலயும் ஏறமாட்டேன்ல. பையப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்" என்றாள் அம்மா.

அம்மா சொல்வதில் உள்ள நியாயம் புரிய எங்கள் ஊர்ப் பொருட்காட்சியைத் தெரிந்திருக்க வேண்டும். தொண்ணூறுகளில் நான் பள்ளியில் படித்தபோது அதுதான் எங்கள் தீம் பார்க். உள்ளே நுழையப் பேருக்கு ஒரு சீட்டு, பிறகு ஏறுகிற ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சீட்டு. ஒரு குடும்பம் போனால் ராட்டினத்தில் ஏற நான்கு பேர், டெல்லி அப்பளம் தின்ன எல்லாரும், உடைமைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் எப்போதும் அம்மாதான். ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு போர்வையை விரித்து, செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கி, நடுவில் தலைமை ஆசிரியை போல உட்கார்ந்துகொள்வாள். அந்தத் தோரணையைப் பார்த்தே மற்றவர்களுக்கும் நம்பிக்கை வந்துவிடும். பேகம்பூர்த் தோல் வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வந்து, "டீச்சரம்மா, செத்த நேரம் இதையும் பாத்துக்கங்க" என்று மூட்டையை வைப்பார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வைப்பார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "டோக்கன் எம்புட்டும்மா?" என்று கேட்டார். "டோக்கன்லாம் இல்ல, செருப்ப ஜோடியா வைங்க" என்றாள் அம்மா. நாங்கள் வீட்டுக்குக் கிளம்புகிற நேரம் வந்தும் ஒரு மஞ்சள் பைக்கு மட்டும் ஆள் வரவில்லை. சிறுமலைப் பழம் இருந்த மஞ்சள் பையைத் தொலைத்தவர் உடனே வரவும் என்று மைக்கில் சொல்லவைத்தாள். "நான் எங்க தொலச்சேன்? டீச்சர்கிட்ட குடுத்துட்டுத்தான போனேன்" என்று கத்திக்கொண்டே ஒருவர் ஓடிவந்தார். அம்மா எதிலும் ஏறி நான் பார்த்ததில்லை.

ஆகவே பார்க்குக்குப் போன் செய்து, பார்ப்பதற்கு மட்டும் டிக்கெட் உண்டா என்று கேட்டேன். அந்தப் பக்கம் பேசிய பெண்ணுக்கு விளங்கவில்லை. எதைப் பார்க்க என்று கேட்டாள். நாங்கள் ஏறுவதைப் பார்க்க என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்கள் அம்மா யாரையாவது உடனிருந்து கவனித்துக்கொள்பவரா, அவர்களுக்குச் சலுகை உண்டு என்றாள். ஆமாம், பைகளைக் கவனித்துக்கொள்வார் என்றேன். "பைகளுக்கு லாக்கர் இருக்கிறது, லவ்" என்றாள், இந்த ஊர்க்காரர்கள் எல்லாரையும் அப்படிக் கூப்பிடுகிற அதே அன்போடு. இதை அம்மாவிடம் மொழிபெயர்த்தேன். "லாக்கர்ல வச்சா லாக்கர யாரு பாத்துக்குவா?" என்றாள்.

அமல் டிக்கெட் வகைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பெரியவர், சிறியவர், மூத்த குடிமகன் எல்லாம் போக, குடும்பம் என்று ஒன்று இருந்தது. இந்த ஊரில் குடும்பம் என்றால் இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள். நாங்களோ மூன்று பெரியவர்கள், ஒரு குழந்தை. "அத்தைய சின்னப் புள்ள கணக்குல சேத்துட்டா நாம குடும்பமாயிரலாம்" என்றார் அவர். விளம்பரத் தாளில் ஒரு கரடி கையை நீட்டி, இந்த உயரத்துக்குக் குறைந்தவர்கள் பெரிய ரோலர் கோஸ்டரில் ஏற முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஜெனி அம்மாச்சியைக் கதவோரம் நிறுத்தி ஸ்கேல் வைத்து அளந்தாள். அம்மா கரடியின் கைக்குக் கீழேதான் வந்தாள். ஜெனி கைதட்டினாள். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பஸ்ஸுல எங்க ஹெட்மாஸ்டர் மகனுக்கே முழு டிக்கெட் எடுக்க வச்சவ நான். எனக்கு அரை டிக்கெட்டா, மாப்ள? எடுத்தா முழு டிக்கெட் எடுங்க, இல்லன்னா நான் வரல."

டிக்கெட்டே வேண்டாம் என்றவள் கோபத்தில் முழு டிக்கெட்டுக்கு வந்து நின்றாள். விட்டுவிடக் கூடாது என்று நான் உள்ளே புகுந்தேன். தாளின் கடைசியில் வருட பாஸ் என்று ஒன்று போட்டிருந்தது. ஒரு வருடம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் போகலாம். ரெண்டு தடவை போனாலே சரியாகிவிடும், எல்லாருக்கும் அதையே எடுக்கலாம் என்றேன்.

"விசாக்காரன் ஆறு மாசந்தான் குடுத்திருக்கான். பார்க்குக்காரன் எப்பிடி ஒரு வருசம் குடுப்பான்?" என்றாள் அம்மா.

"நடுவுல இன்னொரு தடவ வந்தா ஆவாதாம்மா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. அமலுக்கும் புரிந்து, கரடிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வருசா வருசம் கருவூலத்துல போயி, நான் உசுரோட இருக்கேன்னு நின்னு காட்டணும். காட்டலன்னா பென்சன் நின்னுரும். இங்கயே கெடந்தேன்னா அவங்களுக்கு நான் செத்தவ" என்றாள்.

"காட்டிட்டு வாயேன்."

"எடுக்குறதுனா எடு." அது சம்மதமா சலிப்பா என்று தெரியவில்லை. நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு, அன்று முழுவதும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பாஸுக்குப் பார்க் வாசலில் போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்ன பெண்ணை அம்மா முறைத்தாள், அந்த முறைப்பே பாஸில் விழுந்தது. அட்டையைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, கழுத்தில் கிடந்த மாதா படம் போட்ட உத்தரியத்தோடு சேர்த்துப் போட்டுக்கொண்டாள். உள்ளே பெரிய கோஸ்டருக்கு எதிரே நீளமாக ஒரு பெஞ்சு இருந்தது. அதைக் கண்டதும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. பெஞ்சு நிறைய வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிகள், மடி நிறையப் பைகளும் மழைக்கோட்டுகளும். எல்லாரும் முழு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து உடைமை பார்க்கிறவர்கள். அம்மா யாரையும் கேட்காமல் நடுவில் இடம் பிடித்தாள்.

நாங்கள் சுற்றிவிட்டு வந்தபோது பெஞ்சின் நிர்வாகம் அம்மா கைக்குப் போயிருந்தது. கோட்டுகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன, குடைகள் ஒரே திசையில் படுத்திருந்தன. அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கரடித் தலை இருந்தது. கரடி வேடம் போட்டவர் டீ குடிக்கப் போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போனாராம். இன்னொரு பக்கத்தில் டோரின் என்ற முதிய பெண்மணி உட்கார்ந்திருந்தார். வாட் இஸ் யுவர் நேம் என்று தொடங்கிய அம்மாவின் பள்ளிக்கூட இங்கிலீஷ், நாங்கள் வருவதற்குள் டோரினின் கணவர் இறந்தது, மகள் ஆஸ்திரேலியாவுக்குப் போனது எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருந்தது. "மக வாரத்துக்கு ஒருக்கா போன் பேசுறாளாம்" என்று என்னிடம் சொன்னாள்.

டோரினிடமும் வருட பாஸ் இருந்தது. பேரப்பிள்ளைகள் அருகில் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பஸ் ஏறி வந்து அந்த பெஞ்சில் உட்காருவாராம். அடுத்த செவ்வாய் அவர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. நாங்கள் மூவரும் வேலை, பள்ளி என்று கிடக்க, எதிலும் ஏறாத அம்மா மட்டும் வாரம் தவறாமல் தீம் பார்க் போய்வந்தாள். நாகல் நகரிலிருந்து, அவளிடம் டியூஷன் படித்த பிள்ளையின் தாய் போன் செய்தபோது, "செவ்வாக்கிழம கூப்புடாத, எனக்கு ட்யூட்டி இருக்கு" என்று அம்மா சொல்வது காதில் விழுந்தது. அந்தச் சொல்லைக் கேட்டு நான் ரொம்பவும் ஆசைப்பட்டுவிட்டேன். இனி இவள் போகமாட்டாள், போனாலும் திரும்பிவிடுவாள் என்று அமலிடம் சொன்னேன். அவர் சமையலறைக் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

வட்டம் போட்ட தேதிக்கு முந்தைய வாரம் அம்மா பெட்டியை எடுத்துக் கீழே வைத்தாள். அப்போதுதான் நேராகக் கேட்டேன். "இருந்துரேம்மா. இங்க உனக்கு என்ன குறை?"

அவள் சேலையை மடித்துக்கொண்டே பேசினாள். "குறைன்னு சொன்னா நாக்கு அழுகிரும். நல்லாத்தான் வச்சிருக்கீங்க. ஆனா இது உன் வீடு. அங்க நான் கதவத் தொறந்தா அது டீச்சர் வீடு, நாலு பேரு வருவாங்க. இங்க நீ வேலைக்குப் போனதும் நான் கதவப் பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். செவ்வாக்கிழம ஒரு நாள வச்சுக்கிட்டு மத்த நாள நான் எப்பிடி ஓட்ட?"

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. மற்ற சேலைகளை எடுத்துக் கொடுத்தேன். பாஸை அவள் கொண்டுபோகவில்லை. கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, அட்டையை மட்டும் ஜெனியிடம் கொடுத்தாள்.

அடுத்த கோடைக்கு அவள் வரவில்லை. கருவூலத்தில் போய் நின்று காட்டிவிட்டாள், முட்டிவலி மட்டும் கூடியிருந்தது. பாஸ்கள் முடிகிற சமயம் போனில் கேட்டேன், புதுசாக எடுக்கவா என்று.

"நீங்க போறீங்கள்ல, எடுத்துக்கங்க."

"உனக்கும்மா."

"டோரின் கேட்டாளா?" என்றாள்.

"பாக்குறப்பல்லாம் கேக்குறாங்க."

"அப்ப எடுத்து வை."

பார்க் வாசலில் எங்கள் மூவரையும் போட்டோ எடுத்துவிட்டு, நான்காவது ஆள் எங்கே என்று கேட்டாள் கவுண்டரில் இருந்த பெண். வந்துகொண்டிருக்கிறார் என்றேன். எப்படி அந்தப் பொய் வாயில் வந்தது என்று தெரியவில்லை, அமல் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பெண் சந்தேகப்படவில்லை. பழைய போட்டோவையே போட்டு அட்டையைத் தயார் செய்தாள். வருகிறவர் இங்கேயே வாங்கிக்கொள்ளட்டும் என்று ஓர் உறையில் இட்டு, மேலே அம்மாவின் பெயரை எழுதி, ஜன்னலோரத் தட்டில் வைத்தாள். அதை என்னிடம் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

இலை உதிர்ந்து, குளிரும் வந்துவிட்டது. டோரின் செவ்வாய்தோறும் அந்த ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, உறை அங்கேயே இருக்கிறது என்று எனக்குப் போன் செய்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மாவைக் கூப்பிடுகிறேன். அங்கே அவள் வீட்டில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்கிறது. சாப்பாடு, மழை, முட்டிவலி எல்லாம் பேசி முடித்து, போனை வைக்கப்போகும் சமயத்தில் அவள் கேட்பாள்.

"அந்தக் கவரு இன்னும் இருக்கா?"

"இருக்குமா. போயி வாங்கிட்டு வந்துரவா?"

"வேணாம். அங்கயே இருக்கட்டும்."