ஹால்வர்துர் சிரித்த காலை

ஹால்வர்துர் தன் மூக்குப்பொடி டப்பாவை யாருக்கும் நீட்டியதில்லை. பல வருடங்களாக எங்கள் படகில் தூண்டில் போட்டவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை, தூண்டிலுக்கு இரை கோத்துக்கொண்டிருந்த எங்கள் கொட்டகைக்குள் அவர் சிரித்த முகத்தோடு பாடிக்கொண்டே வந்தார். டப்பாவை எல்லோருக்கும் நீட்டினார். மனைவி பின்னிய புதுக் கம்பளிக் கையுறையைக் கேப்டன் ஸ்டெய்ன்கிரிமுரின் மடியில் போட்டார். ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட, அதற்கு இரண்டு கட்டைவிரல்.

“வச்சுக்க. உன் கை குழந்தை கை மாதிரி, குளிர் தாங்காது.”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோர் மனதிலும் ஒரே சொல். ஆணுக்கு ஃபெய்குர், பெண்ணுக்கு ஃபெய்க். சாவு குறித்துவிட்ட ஆள் என்று பொருள். முன்னோர் நார்வேயிலிருந்து ஐஸ்லாந்துக்குக் கொண்டுவந்த சொல். கருமி வாரிக் கொடுத்தால், சிடுமூஞ்சி பாடினால், அப்படித்தான் நினைப்போம். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். அந்த ஆளோடு கடலுக்கும் போக மாட்டோம்.

“இன்னைக்கு நீ வர வேணாம். ஆள் போதும்” என்றார் ஸ்டெய்ன்கிரிமுர்.

“நேத்து வரைக்கும் ஆள் பத்தலைன்னு கத்தினியே?”

“சொன்னா கேளு. வீட்டுல போய் காபி குடி.”

ஹால்வர்துருக்குப் புரிந்துவிட்டது. “சிரிக்கிறதுக்கு உங்கிட்ட அனுமதி வாங்கணுமா?”

கதவை அறைந்துவிட்டுப் போனார். அவருடைய சின்னப் படகின் எஞ்சின் சத்தம் தனியாகக் கிளம்பியது. வடக்கே மலை ஏற்கெனவே பனிப்புயலில் மறைந்திருந்தது.

சற்று நேரத்தில் அவர் மனைவி உல்ரிகா வந்தாள். ஸ்வீடன்காரி. நடந்ததைக் கேட்டதும் முகம் வெளுத்தது.

“பேரன் பொறந்திருக்கான். நேத்து தந்தி வந்துச்சு. குழந்தை தேறட்டும், அப்புறம் சொல்லலாம்னாரு. அதுக்குத்தான்யா சிரிச்சாரு!”



“அந்தச் சொல் எங்க ஊர்லயும் இருக்கு. அதே வேர்தான். நாங்க ஃபேக்னு சொல்வோம். சாவுக்கு நடுங்குற கோழைன்னு அர்த்தம். இங்க நிறைய பேர் உட்கார்ந்திருக்கீங்க.”

பிறகு அவள் பார்வை அந்தக் கையுறையில் விழுந்தது. “பழசை நேத்துதான் பிரிச்சுப் போட்டேன். வெறுங்கையோடயா போனாரு?”

ஸ்டெய்ன்கிரிமுர் எழுந்து ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

எங்கள் படகு கழிமுகத்தைத் தாண்டும்போது பனி எங்களை மூடியது. முன்னால் எங்கோ அந்த எஞ்சின் ஒருமுறை இருமியது. பிறகு காற்று மட்டும்தான். ஸ்டெய்ன்கிரிமுர் நீலம் பாய்ந்த விரல்களால் சுக்கானைப் பிடித்திருந்தார். கையுறையை அவர் போட்டுக்கொள்ளவில்லை. ஹால்வர்துரிடம் திருப்பிக் கொடுக்க, சட்டைக்குள் உலர்வாக வைத்திருந்தார்.