எழுத்துக்கும் தாலிக்கும் இடையில் ஒன்பது மாதம்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வந்த கடிதம் இரண்டே பக்கம். திருமணம் பதிந்த நாளிலிருந்து நானும் கணவரும் ஒரே வீட்டில் வாழ்வதாக என் விண்ணப்பம் சொல்கிறதாம். ஆனால் அதற்குப் பிறகும் ஒன்பது மாதம் என் வங்கிக் கடிதங்கள் வேறு முகவரிக்குப் போயிருக்கின்றனவாம். இந்தத் திருமணம் உண்மைதானா என்று கேட்டிருந்தார்கள். இருபத்தெட்டு நாளுக்குள் சரியான பதில் கொடுக்காவிட்டால் என் பீஆர், அதாவது நிரந்தர வதிவுரிமை, அத்தோடு சரி.

அந்த ஒன்பது மாதமும் நாங்கள் சேர்ந்து வாழவில்லை என்பது உண்மைதான். எங்கள் ஆட்கள் முதலில் சட்டப்படி பதிவார்கள். அதை ‘எழுத்து’ என்போம். தாலி கட்டுவது பிறகு, நாள் பார்த்து. அதுவரை சேர்ந்திருக்கும் பேச்சே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தாலிகட்டுக்கு வர என் அப்பா அம்மாவுக்கு விசா கிடைக்கும்வரை நான் சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். கணவர் டூங்கபியில் தாய் தகப்பனோடு இருந்தார். இரண்டே ஸ்டேஷன் தூரம். ஒரு இரவுகூட நான் அங்கே தங்கியதில்லை.

விண்ணப்பத்தை நிரப்பியவர் முருகன் கோயிலில் பழக்கமான ஒரு அங்கிள். விசா விண்ணப்பங்களைச் செய்து கொடுக்கும் மைக்ரேஷன் ஏஜென்ட். “கையெழுத்தை மட்டும் வையுங்கோ பிள்ளை, மிச்சத்தை நான் பாக்கிறன்” என்றார். நம்முடைய ஆள்தானே என்று வாசிக்காமலே வைத்தேன். அந்த மடத்தனம் என்னுடையது. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடியபோது மனுஷன் சிரிக்கிறார்.

“எழுத்து, தாலி எண்டு சொன்னா உந்த வெள்ளைக்காரங்களுக்கு விளங்காது. அதுதான் சேர்ந்து வாழத் தொடங்கினதுக்கும் எழுத்துத் திகதியையே போட்டனான்.”

பரமட்டாவில் ஓர் இலவச சட்ட உதவி நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த இளம் வெள்ளைக்கார வழக்கறிஞரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “கோயில் கல்யாணத்துக்காகக் காத்திருந்தீர்கள், அவ்வளவுதானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்கு விளங்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. விளங்காது என்று யாரைக் கேட்டு முடிவெடுத்தார் அந்த அங்கிள்? ஒளிக்க ஒன்றுமில்லாத என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டாரே!

தவறான பதிலைத் திருத்தும் படிவத்தை அந்த வழக்கறிஞர் நிரப்பி, ஒவ்வொரு வரியையும் என்னை வாசிக்க வைத்த பிறகே கையெழுத்து வாங்கினார். பிழை தன்னுடையது என்று ஏஜென்டும் ஒரு கடிதம் தந்தால் நல்லது என்றார்.

அந்தக் கடிதத்தைக் கேட்டு அங்கிள் வீட்டுக்குப் போனேன்.

“என்ர பேரெல்லோ கெட்டுப்போகும்” என்றார்.

“உங்கட பேரோ? என்ர கல்யாணமே பொய்யோ எண்டு கேக்கிறாங்கள், அங்கிள்!”

கத்தியே விட்டேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, அன்ரி, வந்தார். ஒரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“எங்கட எழுத்து முடிஞ்சு பதினொரு மாசத்துக்குப் பிறகுதான் இவர் எனக்குத் தாலி கட்டினவர். அதுவரைக்கும் நான் அம்மா வீட்டிலதான். அதை நான் எழுதித் தாறன் பிள்ளை. பேனையைத் தாங்கோ.”

எழுதி முடித்ததும் பேனையைக் கணவரிடம் நீட்டினார்.

“இப்ப நீங்கள் எழுதுங்கோ.”

அங்கிள் பேனையை வாங்கி, பிழை தன்னுடையது என்று எழுதினார்.

பீஆர் கிடைத்த அன்று அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது: “வாழ்த்துகள் பிள்ளை. நான் எடுத்த கேஸ் ஒண்டும் தோத்ததில்லை.” நான் பதில் போடவில்லை. அன்ரிக்குத்தான் போன் எடுத்தேன்.