கணக்கில் இறந்தவர்

அமெரிக்காவில், பார்சிப்பனியில் எங்களோடு தங்க வந்த மாமனாருக்கு மதிய நேரத்தில் பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படங்கள்தான் துணை. அதில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார். இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் மாற்றி ஒருவனைச் செத்தவன் என்று எழுதிவிடும். அவன் ஆபீஸ் ஆபீஸாக ஓடி, கடைசியில் மேஜை மேல் ஏறி நின்று, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கத்துவான். அவர்கள் பேசும் வேகத்துக்கு மாமனாருக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் அவன் மேஜையில் ஏறுவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். துணி மடித்தபடி நானும் சிரிப்பேன், படத்தைப் பார்த்தல்ல, அவரைப் பார்த்து.

பனி கொட்டிய ஒரு காலையில் மாரடைப்பு வந்து அவர் போய்விட்டார். என் கணவர் அழவில்லை. ஆக வேண்டிய காரியங்களை ஆபீஸ் வேலை மாதிரி முடித்தார். ஊருக்குப் போன் செய்து சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டினார். அப்பா என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து என் கணவருடைய சர்க்கரை மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, உங்கள் கணவர் காலமானதற்கு வருந்துகிறேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். காலமானவர் வெளியே காரில் ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நம் வழக்கப்படி அப்பாவின் பெயரே பிள்ளைக்கு லாஸ்ட் நேம். இருவருக்கும் ஒரே கம்பெனியில் இன்சூரன்ஸ், ஒரே விலாசம். மாமனார் இறந்த தகவல் போனதும், எந்தப் புண்ணியவானோ அந்தக் கடைசிப் பெயரை மட்டும் பார்த்து மகனைச் சாகடித்துவிட்டான்.

ஒரு போனில் முடிகிற வேலை. என் கணவர் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். வீட்டில் இருந்த மாத்திரை தீரப் போகிறது; செத்தவர் பெயரில் இன்சூரன்ஸ் புது மாத்திரை தராது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“இன்னிக்கு நீங்க கால் பண்ணலன்னா நானே பண்ணிடுவேன்” என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “நான் இருக்கேன்னு சொன்னா, அப்பா இல்லன்னு சொல்லணும். இப்போ அவங்க சிஸ்டம்ல அப்பா உயிரோடதான் இருக்காரு. கொஞ்ச நாள் இருக்கட்டுமே.”

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

மாத்திரை தீர்ந்த அன்று அவரே போனை எடுத்தார். சோபாவில் மாமனார் உட்காரும் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட இன்சூரன்ஸ் கம்பெனி ஆள், அப்படியானால் இறந்தது யார் என்றான்.

“மை ஃபாதர்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “மை ஃபாதர் இஸ் டெட்.”

அவ்வளவுதான். போனை என் கையில் திணித்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதார். இத்தனை நாள் தேக்கி வைத்த அழுகை. நான் ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, மறு கையில் போனைப் பிடித்துப் பிறந்த தேதி, விலாசம் எல்லாம் ஒப்பித்தேன்.

விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது. சரி செய்துவிட்டேன், உங்கள் கணவர் இப்போது உயிரோடு இருக்கிறார் என்று அந்த ஆள் உற்சாகமாகச் சொன்னான்.

அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டியவர் வீட்டில் இல்லை.