நாமகிரிப்பேட்டை – அஸ்தம்பட்டி: கோழிப் பவுடரோடு போன கீமோ பயணம்

நான் பயணக் குறிப்பு எழுதும் இந்தப் பக்கத்துக்கு ஏற்காட்டுக்கு வழி தேடி வருகிறவர்கள்தான் அதிகம். இது அதே ரோட்டில், மலை ஏறாமல் சேலம் அஸ்தம்பட்டியிலேயே நின்றுபோன பயணம். நாமகிரிப்பேட்டையில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் அண்ணனுக்குக் குடலில் புற்றுநோய். போன வியாழக்கிழமை மூன்றாவது கீமோ போட வேண்டிய நாள். அண்ணி பண்ணையை விட்டு நகர முடியாததால் துணைக்கு நான் பெங்களூரிலிருந்து வந்திருந்தேன்.

காலை 6.40க்கு வாடகைக் காரில் கிளம்பினோம். சுமார் 40 கிலோமீட்டர். காத்திருப்பும் சேர்த்து 1,800 ரூபாய். "ஏற்காடுங்களா?" என்றார் டிரைவர். "ஆஸ்பத்திரிங்க" என்றதும் பாட்டை நிறுத்திவிட்டார். ஓடவிட்டிருக்கலாம்.

7.05க்கு ராசிபுரத்தில் டீக்கு நிறுத்தினோம். அண்ணன் டீ வேண்டாமென்று, பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து ஒரு ஸ்பூன் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தார். பாக்கெட்டில் கோழிப் படம். பண்ணையில் குஞ்சுகளுக்குக் கொடுக்கும், உயிருள்ள 'நல்ல கிருமி'ப் பவுடர்.

"என்னண்ணா இது?"

"நீ அனுப்புன செய்திதான் அம்முணி. கிருமிக ஒண்ணுக்கொண்ணு பேசிக்கறதுக்கு உடற சரக்கு புத்துநோயவே அமுக்குதாமா. நம்ம பண்ணையிலயே கிருமி மூட்டை மூட்டையாக் கெடக்குது. பத்து நாளாக் குடிக்கறேன்."

"டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னா வைவாரு. நீயும் வாயத் தொறக்காத சாமி."

பாக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். சேலம் வரைக்கும் அது என் மடியில்தான் இருந்தது. அண்ணனோ முட்டை விலை பேசிக்கொண்டு வந்தார்.

8.10க்கு அஸ்தம்பட்டி. ரத்தம் எடுத்து, முடிவு வந்து, டாக்டர் கூப்பிட 10.30 ஆனது. வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. "வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார் அண்ணன்.

பாக்கெட்டை மேசைமேல் வைத்தேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை.

டாக்டர் வையவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கிருமிகள் தங்களுக்குள் சேதி அனுப்பும் மூலக்கூறுகளில் சில, புற்றுநோய் செல்களை அடக்குவது உண்மைதான் என்றார். ஆனால் அது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில். மருந்தாக வர எத்தனையோ சோதனை பாக்கி. "இந்தப் பவுடர்ல இருக்கிறது அந்த மூலக்கூறு இல்லீங்க, உயிருள்ள கிருமி. நோய் எதிர்ப்பு சக்தி இல்லாத நேரத்துல ரத்தத்துல கலந்துட்டா உயிருக்கே ஆபத்து." கீமோவை ஒரு வாரம் தள்ளிவைத்தார். ஏழு நாளும் காய்ச்சல் பார்க்க வேண்டும்.

"யாரு உங்களுக்கு இதைச் சொன்னது?"

"நானாத்தானுங்க எங்கியோ படிச்சேன்" என்றார் அண்ணன்.

கீமோவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு: ரத்தப் பரிசோதனைக்கு எட்டரைக்குள் போய்விடுங்கள், அப்புறம் கூட்டம். தெர்மாமீட்டர் கையோடு இருக்கட்டும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். வாயில் போடுவது எதுவானாலும், கோழிக்கு வாங்கியதானாலும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்று நாலாம் நாள். காலையில் 98.8. அந்தச் செய்தியை நேற்றுத்தான் கடைசி வரை படித்தேன். 'மனிதர்களிடம் இன்னும் சோதிக்கப்படவில்லை' என்று முடிகிறது. அண்ணன் அதில் பாதியாவது படித்திருந்தார். நான் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தேன்.