கூப்பிடாமல் வந்தவர்

வேலையிலிருந்து இளைப்பாறியதும் கோப்பாய் வீட்டில் நான் தனி. இனி யாருடைய நேரத்துக்கும் எழும்பத் தேவையில்லை என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். காலையில் கொழும்புத்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து ஹோர்ன் அடிக்கும் மீன்காரரையும் மறித்துவிட்டேன்.

"வேணுமெண்டால் போன் எடுக்கிறன். சும்மா வராதேங்கோ."

இரண்டு கிழமையாக நான் போன் எடுக்கவில்லை. விரும்பியதைச் சமைக்கலாம் என்ற சுதந்திரத்தில், பத்து மணிக்கு எழும்பி, தேநீரும் விசுக்கோத்துமாகவே நாளைக் கடத்தினேன்.

ஒருநாள் காலை வாசலில் ஹோர்ன் கேட்டது. கோபத்தோடுதான் போனேன்.

"நான் கூப்பிடேல்லையே!"

"ஓம் அக்கா, அதுதான் வந்தனான்," என்றபடி அவர் ஓரா மீனை வெட்டத் தொடங்கினார்.

நான் சட்டி எடுக்க உள்ளே போனேன். நல்ல காலம், வேணுமோ என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.