நம்ம சேர் நின்ன வளைவு

இன்னைக்கு வலய மட்ட விளையாட்டுப் போட்டி. பெண்களுக்கான ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்துக்கு நான் வளைவு நடுவர். ஆள் பத்தாததால போட்டிக்கு வர்ற பாடசாலை ஆசிரியர்களையே நடுவரா நிறுத்துறது எங்க பக்கத்து வழக்கம்.

முதலாவதா வந்தது எங்க பாடசாலைப் புள்ள சுகந்தி. எங்க தேயிலைத் தோட்டத்துப் புள்ளதான். கடைசி ரவுண்டுல, என் கண்ணு முன்னாடி, வெள்ளைக் கோட்டுக்கு உள்ள மூணு அடி வச்சிருச்சு. கொடிய தூக்கிட்டேன்.

தகுதி நீக்கம்.

எங்க பாடசாலை அதிபர் உடனே மேன்முறையீடு எழுதிக் குடுத்தாரு. விசாரிச்சவங்க இரக்கமாத்தான் கேட்டாங்க.

"அந்த நேரம் பனி மூட்டமா இருந்துச்சே. நல்லா பாத்தீங்களா?"

'சரியா தெரியல'ன்னு சொல்லியிருந்தா முதலிடம் திரும்பக் கெடைச்சிருக்கும். அதிபர் என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"பாத்தேன்"னேன்.

திரும்பி வர்றப்ப பஸ்ல எங்க பாடசாலை ஆளுங்க பத்துப் பேர் லிந்துலை வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தாங்க. என் பக்கத்து சீட் காலியாவே கெடந்துச்சு. கடைசியில கொடிய அதுல வச்சேன்.

எறங்குறப்ப சுகந்தி மட்டும் கிட்ட வந்துச்சு.

"நான் மிதிச்சது எனக்கே தெரியும் சேர்."

அப்பாடான்னு இருந்துச்சு.

"வேற யாராச்சும் நின்னிருந்தா கவனமா ஓடியிருப்பேன். நம்ம சேர் தானேன்னு பயப்படல."

எறங்கிப் போயிருச்சு.

ஓட்டத்துல இருந்து நீக்குனா அரை மணித்தியாலத்துக்குள்ள மேன்முறையீடு குடுக்கலாம். 'நம்ம சேர்'ங்கிறதுல இருந்து என்னைய நீக்கிட்டா எங்கங்க குடுக்குறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.