உள்ளங்காலில் மல்பெரிக் கறை

கொள்ளுப் பேத்தியின் வெள்ளைச் சட்டையில் இன்று மல்பெரிச் சாறு பட்டதும், என் கை தானாகப் பச்சைக் காயைத் தேடியது. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், காஜா பெராங் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற மரத்தின் பழக்கறையை, அதே மரத்தின் காயைத் தேய்த்துத்தான் அம்மா போக்குவார். அரிசி கிடைக்காத அந்த நாட்களில் அதன் கொழுந்துதான் எங்களுக்குக் கீரை. பக்கத்து வீட்டு முத்தையா மாமா, "தங்கச்சி, ஆட்டுக்குத் தழை ஒடிச்சுக்கிறேன்" என்று தினமும் வேலியருகில் குரல் கொடுப்பார். பழம் உதிர்ந்து நசுங்கி ஈ மொய்ப்பது மட்டுமே அந்த மரத்தால் வந்த தொல்லை என்றிருந்தோம்.

சயாம் ரயில்பாதை வேலைக்கு ஜப்பான்காரன் ஆட்களைக் கட்டாயமாகப் பிடித்துப் போனபோது அப்பா விறகுக் கொட்டகையில் ஒளிந்திருந்தார். மரத்தடி வழியாக நான்தான் அவருக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுபோவேன். போகிற வழியில் பழமும் பொறுக்கித் தின்பேன்; அந்தப் பக்கம் போனது தெரியக்கூடாதென்று, வந்ததும் கையையும் வாயையும் காயால் தேய்த்துக்கொள்வேன்.

ஒருநாள் சிப்பாய்களோடு மாமா வந்தார்.

"அப்பா எங்கம்மா?"

"கிளேபாங் போயிட்டாரு மாமா."

மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. மரத்தடியிலிருந்து கொட்டகைக்குப் போன சிமெண்டுப் பாதையில் என் பாதங்கள் ஊதாவாகப் பதிந்திருந்தன. உள்ளங்காலை நான் தேய்க்கவே இல்லை. மாமா அந்தத் தடத்தைச் சிப்பாய்களுக்குக் கை காட்டினார்.

அப்பாவை அதன்பின் நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அம்மா குனிந்து, பச்சைக் காயால் அந்தச் சிமெண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வேலியருகில் குரல் கேட்டது: "தங்கச்சி, ஆட்டுக்குத் தழை ஒடிச்சுக்கிறேன்."